டயகிராம் ஒன்று, ஓடும் நிரல் வேறொன்று: யுஎம்எல் ஏன் அலுவலகங்களில் நிலைக்கவில்லை?

தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த பலருக்கு ‘பாஸ்போர்ட் ஆட்டோமேஷன் சிஸ்டம்’ என்றதும் சட்டென்று லேப் ஞாபகம் வரும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 பாடத்திட்டத்தில் கேஸ் டூல்ஸ் ஆய்வகத்துக்கான பயிற்சிகளில் அதுவும் ஒன்று. குச்சி மனிதன், நீள்வட்டம், கட்டம், அம்புக்குறி என்று ரெக்கார்டு நோட்டு நிரம்பும். வைவாவில் அதிலிருந்து கேள்வி வரும். வேலையில் சேர்ந்த பிறகோ, அந்த டயகிராம்களைப் பற்றி ஆண்டுக்கணக்கில் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இது கல்லூரியின் குறையா, அலுவலகங்களின் குறையா? பழைய கேள்விதான். ஆனால், இப்போது மறுபடியும் சூடு பிடித்திருக்கிறது. விமானம், கார் போன்ற பெரிய அமைப்புகளை வடிவமைக்கப் பயன்படும் சிஸ்எம்எல் என்ற மொழியின் இரண்டாம் பதிப்பு 2025-இல் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது. இன்னொரு பக்கம், நிரல் எழுதும் வேலையில் பெரும்பகுதியை ஏஐ கருவிகள் எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டன. ‘எப்படி எழுதுவது’ என்பதைவிட ‘எதை எழுதச் சொல்வது’ என்பதே பெரிய வேலையாக மாறி வருகிறது. மாடலிங் மொழிகள் தீர்க்க நினைத்ததும் இதைத்தான்.

மாடலிங் மொழி என்றால் என்ன?

வீடு கட்டுவதற்கு முன் பிளான் போடுவதுபோல, ஒரு மென்பொருளை எழுதுவதற்கு முன் அதன் அமைப்பையும் நடத்தையையும் வரைந்து காட்டும் குறியீட்டு முறைதான் மாடலிங் மொழி. ஜாவா, பைத்தான் போல இதைக் கம்ப்யூட்டர் நேரடியாக ஓட்டாது. பெரும்பாலும் மனிதர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்துக்கொண்ட பொது மொழி இது.

அதில் அதிகம் தெரிந்த பெயர் யுஎம்எல். இதன் இன்றைய வடிவத்தில் 14 வகை டயகிராம்கள் உண்டு. மென்பொருள் எந்தெந்தப் பாகங்களால் ஆனது என்று காட்டுபவை 7. அது ஓடும்போது என்ன நடக்கிறது என்று காட்டுபவை 7. கிளாஸ் டயகிராம் முதல் வகை. சீக்வென்ஸ் டயகிராமும் ஸ்டேட் டயகிராமும் இரண்டாவது வகை.

ஏன் உருவானது?

1990களின் தொடக்கத்தில் ஆளுக்கொரு வரையும் முறை இருந்தது. 1994-க்குள் அப்படிப்பட்ட முறைகளின் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டிவிட்டது. கிரேடி பூச் ஒரு கிளாஸை மேகம் போல வரைவார். ஜேம்ஸ் ரம்போ அதையே செவ்வகமாக வரைவார். ஒரு நிறுவனத்தில் கற்ற குறியீடு அடுத்த நிறுவனத்தில் செல்லாது.

ரம்போ 1994-இல், பூச் வேலைபார்த்த ரேஷனல் நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஸ்வீடனைச் சேர்ந்த ஈவார் யாகப்சனும் வந்து சேர்ந்தார். மூவரின் முறைகளும் கலந்து யுஎம்எல் பிறந்தது. 1997 நவம்பரில் ஓஎம்ஜி என்ற தொழில்துறைத் தரநிலை அமைப்பு அதை ஏற்றுக்கொண்டது. 2005-இல் இரண்டாம் பதிப்பு வந்தது.

இடையில், 2001-இல் ஓஎம்ஜி இன்னும் பெரிய கனவு ஒன்றை முன்வைத்தது. மாடலை ஒழுங்காக வரைந்துவிட்டால் போதும், நிரலைக் கருவியே எழுதித் தந்துவிடும் என்பதுதான் அது. அதே 2001-இல், பிப்ரவரி மாதம், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி ‘அஜைல்’ அறிக்கையை வெளியிட்டார்கள். விரிவான ஆவணங்களைவிட, ஓடுகிற மென்பொருளுக்கே மதிப்பு அதிகம் என்றது அது. அடுத்த இருபது ஆண்டுகளில் அலுவலகங்கள் எந்தப் பக்கம் சாய்ந்தன என்பது ஊரறிந்த கதை.

உண்மையில் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்?

பிரிட்டன் ஆய்வாளர் மரியன் பீட்டர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. 50 நிறுவனங்களைச் சேர்ந்த 50 தொழில்முறை டெவலப்பர்களிடம் அவர் விரிவாகப் பேசினார். 35 பேர் யுஎம்எல்லைப் பயன்படுத்துவதே இல்லை. 11 பேர், தேவைப்படும்போது தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். 3 பேர், நிரலைத் தானாக உருவாக்குவதற்குப் பயன்படுத்துகிறார்கள். ஒருவர், வேலை முடிந்த பிறகு ஆவணத்துக்காக வரைகிறார். யுஎம்எல்லை முழுமனதோடு, முழுமையாகப் பயன்படுத்துபவர் என்று அந்த 50 பேரில் ஒருவர்கூட இல்லை.

வெறும் 50 பேரிடம் எடுத்த ஆய்வை உலகத்துக்கே பொதுவான சதவீதமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால், சந்தையும் அதே திசையில்தான் போனது. மைக்ரோசாஃப்ட் தன் விஷுவல் ஸ்டுடியோ 2017 பதிப்பிலிருந்து யுஎம்எல் வரையும் வசதியையே நீக்கியது. வாடிக்கையாளர்கள் மிகக் குறைவாகவே அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதே அது சொன்ன காரணம்.

சிக்கல் 1: நிரல் ஓடிவிடும், படம் நின்றுவிடும்

புதிதாகச் சேர்ந்தவர் கேட்பார்: “இந்த புராஜெக்டுக்கு டிசைன் டயகிராம் எங்க இருக்கு?” பதில் வரும்: “இருக்கு. ஆனா அது பழசு, நம்பாதீங்க. நிரலையே படிச்சுக்கோங்க.” இந்த உரையாடல் நடக்காத ஐடி அலுவலகத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வீட்டு பிளான் என்ற உவமை தடுக்கி விழுவதும் இங்கேதான். வீடு கட்டி முடித்தால் அதோடு முடிந்தது. சுவர் வாராவாரம் இடம் மாறாது. பிளானை மீறிக் கட்டினால் பணிநிறைவுச் சான்றிதழ் வாங்கும்போது மாட்டிக்கொள்ள நேரிடும். மென்பொருளோ வாரத்துக்கு நாலு முறை மாறும். படத்தை மாற்றாமல் நிரலை மட்டும் மாற்றினால் எந்த டெஸ்ட்டும் தோற்காது. எந்த எச்சரிக்கையும் வராது. தவறானது யாருக்கும் தெரியாத ஒரு படம், கொஞ்ச நாளில் தவறாகத்தான் போகும். அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

சிக்கல் 2: துல்லியமாகத் தோன்றும், ஆனால் துல்லியம் இல்லை

கிளாஸ் டயகிராமில் இரண்டு கட்டங்களை இணைக்கும் கோட்டின் நுனியில் ஒரு சாய்சதுரம் வரும். உள்ளே கறுப்பு நிரப்பியிருந்தால் ஒரு பொருள், வெறுமையாக இருந்தால் வேறு பொருள். இந்த வித்தியாசத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யாத மாணவர் குறைவு. வெறும் சாய்சதுரத்துக்குத் துல்லியமான பொருள் என்ன? பயன்படும் துறையையும் வரைபவரையும் பொறுத்து அது மாறும் என்று யுஎம்எல்லின் விதிநூலே சொல்கிறது. சுமார் 800 பக்கம் உள்ள விதிநூல் அது.

வரைந்தவர் ஒன்று நினைத்திருப்பார், படித்தவர் வேறொன்றாக எடுத்துக்கொள்வார். இருவரும் ‘ஸ்டாண்டர்டு குறியீடுதானே’ என்ற நம்பிக்கையில் கேள்வியே கேட்டுக்கொள்ளாமல் விடுவார்கள். சாதாரண வாக்கியத்தில் எழுதியிருந்தாலாவது சந்தேகம் வந்திருக்கும்.

சிக்கல் 3: கருவிகள் ஒத்துழைப்பதில்லை

நிரல் என்பது வெறும் எழுத்து. இரண்டு பேர் ஒரே கோப்பில் வேலை செய்தால் எந்த வரி மாறியது என்று கிட் காட்டிவிடும். பழைய மாடலிங் கருவிகளின் கோப்பு அப்படியல்ல. ஒரு கட்டத்தைச் சும்மா இடப்பக்கம் நகர்த்தினாலே கோப்பு மாறிவிடும். மாறியது வடிவமைப்பா, வெறும் இடமா என்று ரிவ்யூ செய்பவருக்குத் தெரியாது. ஒரு கருவியில் வரைந்ததை இன்னொரு கருவியில் திறப்பதற்கென்று எக்ஸ்எம்ஐ என்ற பொது வடிவம் உருவாக்கப்பட்டது. நடைமுறையில் அப்படித் திறக்கும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போவது சகஜம்.

சிக்கல் 4: யாருக்காக வரைகிறோம்?

கிளையண்டிடம் காட்டினால் அவருக்குக் குறியீடு புரியாது. டெவலப்பரிடம் காட்டினால், ‘இதை வரையும் நேரத்தில் எழுதியே முடித்திருப்பேன்’ என்பார். பீட்டரிடம் பேசியவர்கள் சொன்ன காரணங்களும் இதை ஒட்டியவைதான்: குறியீட்டைப் புரிந்துகொள்வதே தனி வேலையாகிவிடுகிறது, படங்களை ஒன்றோடொன்றும் நிரலோடும் பொருத்தமாக வைத்திருப்பது கடினம், மென்பொருள் இயங்கும் சூழலின் முழுப்படம் அதில் கிடைப்பதில்லை.

அப்படியென்றால் மாடலிங் தோற்றுவிட்டதா?

இல்லை. நிலைத்த இடங்களில் வலுவாகவே நிலைத்திருக்கிறது.

கார் நிறுவனங்களில் இன்ஜின், பிரேக் கட்டுப்பாட்டுக்கான தர்க்கத்தைப் பொறியாளர்கள் சிமுலிங்க் போன்ற கருவிகளில் படமாக வரைகிறார்கள். அந்தப் படத்தையே ஓட்டிப் பார்க்கிறார்கள். பிறகு அதிலிருந்து சி மொழி நிரலைக் கருவியே உருவாக்குகிறது. ஏர்பஸ் விமானங்களின் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளுக்கு ஸ்கேட் என்ற மாடலிங் கருவி பயன்படுகிறது. விமான மென்பொருளுக்கான டிஓ-178சி தரநிலையில் மாடல் அடிப்படையிலான வேலைக்கென்றே ஒரு துணை ஆவணம் இருக்கிறது. இன்று யுஎம்எல்லில் இருக்கும் ஸ்டேட் டயகிராமின் மூலமும் விமானத் துறைதான். இஸ்ரேலின் லாவி போர் விமானத் திட்டத்தில் ஆலோசகராக இருந்தபோது டேவிட் ஹேரல் அதை உருவாக்கி, 1987-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

கிளவுட் உலகிலும் உதாரணம் உண்டு. அமேசான் வெப் சர்வீசஸ் பொறியாளர்கள் 2011 முதல், லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கிய டிஎல்ஏ+ என்ற மொழியில் தங்கள் வடிவமைப்புகளை எழுதிச் சரிபார்க்கத் தொடங்கினார்கள். இதில் கட்டமும் அம்பும் கிடையாது. கணிதம்போல எழுத வேண்டும். நடக்கக்கூடிய எல்லா வரிசைகளையும் கருவி சோதித்துப் பார்க்கும். டைனமோடிபி வடிவமைப்பில் அது கண்டுபிடித்த ஒரு பிழை வெளிப்பட, குறைந்தது 35 படிகள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் நடந்தாக வேண்டும். அதை எந்த டெஸ்டரும் கையால் பிடித்திருக்க முடியாது.

இந்த இடங்களுக்கெல்லாம் பொதுவாக ஒன்று இருக்கிறது. மாடல் தவறானால் உடனே தெரிந்துவிடும். காரில் மாடலே நிரலாகிறது. விமானத்தில் சான்றளிப்பவர் கேள்வி கேட்பார். டிஎல்ஏ+ என்றால் கருவியே பிழையைச் சுட்டிக்காட்டும். தவறைக் காட்டிக்கொடுக்க ஏதோ ஒன்று காவல் நிற்கும் இடத்தில் மாடல் பிழைக்கிறது. அந்தக் காவல் இல்லாத இடத்தில் அலமாரிக்குப் போகிறது.

வெள்ளைப் பலகைக் கிறுக்கலும் மாடல்தான்

மார்ட்டின் ஃபவுலர் என்ற மென்பொருள் எழுத்தாளர் யுஎம்எல்லைப் பயன்படுத்தும் விதங்களை மூன்றாகப் பிரித்தார். பேசிக்கொள்வதற்கான கிறுக்கல் முதலாவது. முழு விவரத்தோடு வரைந்து, அதன்படி அப்படியே கட்டச் சொல்லும் பிளான் இரண்டாவது. படத்தையே நிரலாக ஓட்டுவது மூன்றாவது.

மூன்றாவது வகைதான் காரிலும் விமானத்திலும் பார்த்தது. முதல் வகையும் பிழைத்திருக்கிறது. பலகையில் வரைந்து, பேசி முடித்து, அழித்துவிடுகிறோம். அது உண்மையாக இருக்க வேண்டிய நேரமே அரை மணிதான். அதனால் பழசாக வாய்ப்பில்லை. மாட்டிக்கொண்டது நடுவில் உள்ள பிளான் வகை. ‘எப்போதும் உண்மை’ என்று காட்டிக்கொள்ளும். ஆனால், உண்மையா என்று பார்க்க ஆளிருக்காது. கல்லூரிப் பாடம் பெரும்பாலும் கற்றுத்தருவது இந்த நடு வகையைத்தான்.

ஒரு பேருந்து டிக்கெட் உதாரணம்

படம் வரைவதால் உண்மையில் என்ன லாபம்? பேருந்து டிக்கெட் செயலி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். பயணி சீட்டைத் தேர்ந்ததும் அது 8 நிமிடம் அவருக்காகப் பிடித்துவைக்கப்படும். அதற்குள் பணம் வராவிட்டால் சீட் விடுவிக்கப்படும்.

ஒரு பயணி ஏழாவது நிமிடக் கடைசியில் யுபிஐ பின்னை அடிக்கிறார். பணம் பிடிக்கப்பட்டுவிட்டது. வங்கியிலிருந்து பதில் வருவதற்குள் 8 நிமிடம் தாண்டிவிடுகிறது. சீட் இன்னொருவருக்குப் போய்விட்டது. இப்போது என்ன செய்ய வேண்டும்?

பணத்தைக் கவனிக்கும் நிரல் ஒரு கோப்பில் இருக்கும், நேரத்தைக் கவனிப்பது இன்னொரு கோப்பில். தனித்தனியாகப் படித்தால் இரண்டுமே சரி. ஸ்டேட் டயகிராமாக வரைந்தால்தான் ஓட்டை தெரியும். ‘காலாவதி’ என்ற கட்டத்தில் இருக்கும்போது ‘பணம் வந்தது’ என்ற செய்தி வந்தால் அம்பு எங்கே போகும்? படத்தில் அந்த அம்பே இல்லை.

இதற்குக் கருவிகூட வேண்டாம், ஓர் அட்டவணை போதும். பிடித்துவைத்தது, பணத்துக்குக் காத்திருப்பது, உறுதியானது, காலாவதியானது என 4 நிலைகள். பணம் வந்தது, பணம் தோற்றது, நேரம் முடிந்தது, பயணி ரத்து செய்தார், பேருந்தே ரத்தானது என 5 நிகழ்வுகள். மொத்தம் 20 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் பதில் எழுத வேண்டும். ‘இது நடக்கவே நடக்காது’ என்பதும் பதில்தான். ஆனால், யோசித்துவிட்டு எழுத வேண்டும். பணத்தைத் தானாகத் திருப்பித் தருவதா, வேறு சீட் தருவதா என்பதை டெவலப்பர் மட்டும் முடிவுசெய்ய முடியாது. வணிகத் தரப்பில் இருப்பவரைக் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால், அவர் சார்பில் நிரல் தானாகவே ஒரு முடிவை எடுத்துவிடும். அதன் விலையை, பணமும் போய் சீட்டும் போய் பேருந்து நிலையத்தில் நிற்கும் பயணி கொடுப்பார்.

ஏஐ வந்த பிறகு என்ன மாறுகிறது?

முதலில் நல்ல செய்தி. படங்களை இப்போது எழுத்தாகவே எழுதலாம். பிளான்ட்யுஎம்எல், மெர்மெய்ட் போன்றவற்றில் சில வரிகள் எழுதினால் டயகிராம் தானாக வரும். 2022 பிப்ரவரி முதல் கிட்ஹப் தளமே மெர்மெய்ட் படங்களைக் காட்டுகிறது. நிரல் இருக்கும் இடத்திலேயே படமும் இருக்கும், மாற்றங்கள் வரிவரியாகத் தெரியும். சிஸ்எம்எல் இரண்டாம் பதிப்பிலும் படத்தோடு எழுத்து வடிவமும் சேர்க்கப்பட்டுள்ளது. நிரலைக் கொடுத்து ‘இதற்கு டயகிராம் போடு’ என்றால் ஏஐ சில நொடிகளில் போட்டுத் தருகிறது. மூன்றாவது சிக்கல் கிட்டத்தட்டத் தீர்கிறது; முதல் சிக்கலில் பாதி குறைகிறது.

ஆனால், நிரலிலிருந்து எடுத்த படம், நிரலில் இருப்பதை மட்டுமே காட்டும். என்ன இருந்திருக்க வேண்டும் என்பதைக் காட்டாது. டிக்கெட் உதாரணத்தில் விட்டுப்போன அம்பு, ஏஐ வரைந்த படத்திலும் விட்டுப்போயிருக்கும். படம் மட்டும் அழகாக இருக்கும்.

எதிர்த்திசையில் இன்னொரு ஆபத்து. முதலில் தேவையையும் வடிவமைப்பையும் எழுதி, அதன்பிறகே நிரல் எழுதச் சொல்லும் முறை 2025-இல் பேசுபொருளானது. அமேசானின் கீரோ, கிட்ஹப்பின் ஸ்பெக் கிட் போன்ற கருவிகள் இதை மையமாக வைத்தே வந்தன. அதாவது வடிவமைப்பு ஆவணம் இனி வெறும் ஆவணம் இல்லை. ஏஐக்குத் தரும் உத்தரவு. இதுவரை பழைய டயகிராமால் பெரிய சேதம் இல்லாததற்குக் காரணம், ‘அது பழசு, நம்பாதீங்க’ என்று பக்கத்து சீட்டில் இருப்பவர் சொன்னதுதான். அந்த எச்சரிக்கை ஆவணத்தில் எங்கும் எழுதப்பட்டிருக்காது. ஏஐ அந்தப் படத்தை அப்படியே நம்பி, அதன்படி நூற்றுக்கணக்கான வரிகளை எழுதித் தள்ளிவிட வாய்ப்பிருக்கிறது.

இளம் டெவலப்பர்கள் என்ன செய்யலாம்?

14 டயகிராம்களையும் கரைத்துக் குடிக்க வேண்டியதில்லை. அன்றாட வேலைக்கு மூன்று பழக்கங்கள் போதும்.

ஒன்று, மேலிருந்து பார்க்கும் ஒரே ஒரு படம். எந்தெந்தச் சேவைகள், எந்த டேட்டாபேஸ், வெளியே யாரோடு பேசுகிறது என்பது மட்டும். சைமன் பிரவுன் உருவாக்கிய சி4 முறையின் முதல் இரண்டு அடுக்குகள் இதற்குப் பொருத்தமானவை. இந்த அளவில் மாற்றங்கள் அரிது, அதனால் படம் சீக்கிரம் பழசாகாது.

இரண்டு, பணம், சீட், விடுப்பு, ஒப்புதல் என்று நிலை மாறும் எதற்கும் ஒரு நிலை அட்டவணை. அதன் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு டெஸ்ட்டாக எழுதிவிட்டால் அட்டவணைக்குக் காவல் கிடைத்துவிடும். நிரல் மாறி அட்டவணையை மீறினால் டெஸ்ட் தோற்கும்.

மூன்று, காவல் வைக்க முடியாத படத்தை வைத்திருக்காதீர்கள். பேசி முடித்ததும் அழித்துவிடலாம். வைத்தே ஆகவேண்டும் என்றால் வரைந்த தேதியை அதன் தலையிலேயே எழுதிவிடலாம். குறைந்தபட்சம், படிப்பவர் ஏமாறமாட்டார்.

நிறுவனங்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. ‘டாக்குமென்டேஷன் முடிந்ததா?’ என்று கேட்டு டிக் அடிப்பதால் பயனில்லை. ‘இந்தப் படம் இன்றைக்குத் தவறாகிப்போனால், நாளைக்கு அது யாருக்குத் தெரியும்?’ என்று கேட்க வேண்டும். ‘யாருக்கும் தெரியாது’ என்பது பதிலானால், அதை ஏஐயிடம் கொடுப்பதற்கு முன் இரண்டு முறை யோசிப்பது நல்லது.